1963-ஆம் வருசத்துக் கொங்கு வீட்டுப் பெண்ணைப் போல உடுத்த என்னென்ன வேண்டும்?

உங்கள் கேள்வி இது: அப்பத்தாவுக்கு வரும் தையில் எண்பது நிறைகிறது. அவருக்குக் கல்யாணமான 1963-64 காலத்து உடையில் பேத்திகள் நாலு பேரும் வந்து நிற்க வேண்டும். வாடகைக் கடையில் கேட்டால் புள்ளி போட்ட சேலையும் பஃப் கை ஜாக்கெட்டும் எடுத்துப் போட்டு ‘ரெட்ரோ செட்’ என்கிறார்கள். கோபிசெட்டிபாளையம் பக்கத்தில் ஒரு தோட்டத்து வீட்டுப் பெண் அந்த வருசத்தில் நிஜமாகவே எப்படி உடுத்தியிருப்பார்?

அந்த செட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பஃப் கை 1930, 40-களில் ஓடியது, பிறகு 80-களில் திரும்பி வந்தது. நடுவில் இருந்த உங்கள் அப்பத்தா கல்யாணத்தை அது தொடவே இல்லை. புள்ளிச் சேலை, இறக்கை போல இழுத்த கண் மை, உச்சியில் தூக்கிய கொண்டை எல்லாம் சினிமாவில் பார்த்தது. தோட்டத்து வீட்டில் அப்படி யாராவது வந்து நின்றிருந்தால் மாமியார் ஒரு வாரத்துக்குப் பேசியிருக்க மாட்டார்.

நாடகத்துக்கும் கல்யாண வீட்டுப் போட்டோக்களுக்கும் பழைய காலத்து உடை தைத்துக் கொடுப்பது என் தொழில். வருகிறவர்கள் எல்லாரும் ‘எந்தச் சேலை வாங்கலாம்’ என்றுதான் ஆரம்பிப்பார்கள். நான் ஜாக்கெட்டில் இருந்து ஆரம்பிக்கச் சொல்வேன். நல்ல காஞ்சிபுரம் பட்டு அறுபது வருசத்தில் அப்படியொன்றும் ஆளே தெரியாமல் மாறிவிடவில்லை. ஜாக்கெட்டின் கை, கழுத்து, உயரம் மூன்றும் பத்து வருசத்துக்கு ஒருமுறை மாறிக்கொண்டே இருந்தன. பழைய போட்டோவில் சேலையைக் கையால் மறைத்துக்கொண்டு, ஜாக்கெட்டையும் தலையையும் மட்டும் பார்த்தால்கூட வருசத்தைக் கிட்டத்தட்டச் சொல்லிவிடலாம். அதனால் உங்கள் பணத்தில் முதல் பங்கு தையல்காரருக்குப் போகட்டும். சேலை பெரும்பாலும் வீட்டிலிருந்தே வந்துவிடும்.

அதற்கு முன்னால் ஒரு வேலை. அப்பத்தாவின் கல்யாணப் போட்டோவைக் கையில் வைத்துக்கொண்டு அவர் பக்கத்தில் உட்காருங்கள். ‘அந்தக் காலத்துல என்ன உடுத்துனீங்க’ என்று கேட்டால் ‘என்னத்த உடுத்துனோம், சீலைதான்’ என்று முடித்துவிடுவார். ‘இந்த ஜாக்கெட்டைத் தைச்சது யாருங்க அப்பத்தா, துணி எங்கே எடுத்தது, இந்த அட்டிகை யாருடையது’ என்று ஒவ்வொரு பொருளாகத் தொட்டுக் கேளுங்கள். கதை தானாக வரும், நகையில் பாதி பெரிய அத்தையிடம் இரவல் வாங்கியது என்பதும் அதோடு சேர்ந்து வரும். ஸ்டுடியோவுக்குப் போகிற அன்று இருப்பதிலேயே நல்லதைத்தான் போட்டுக்கொண்டு போவார்கள். எனவே போட்டோவில் இருப்பது விசேஷ உடை. அதே பெண் மறுநாள் தோட்டத்துக்குப் போனபோது உடுத்தியதைப் படம் எடுத்து வைத்தவர்கள் குறைவு.

கறுப்பு வெள்ளைப் படத்தில் நிறத்தையும் நம்பாதீர்கள். அரக்கு, கரும்பச்சை, கருநீலம் மூன்றும் ஒரே இருட்டாகத்தான் விழும். அதைப் பார்த்துவிட்டுக் கறுப்புச் சேலை வாங்கி வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். முகூர்த்தத்துக்குக் கறுப்பு உடுத்துகிற வழக்கம் நம்ம பக்கம் ஏது? மேலே கையால் வண்ணம் தீட்டிய படமாக இருந்தால் இன்னும் மோசம், அது தீட்டினவருடைய ரசனை. நிறத்தை அப்பத்தாவிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

இப்போது ஜாக்கெட். கல்யாணப் பெண்ணாக நிற்கப் போகும் பேத்திக்குத் தையல்காரரிடம் இப்படிச் சொல்லுங்கள். முன்பக்கம் ஊக்கு வைத்தது. நாலு டக் பிடித்த சாதா வெட்டு. பிரின்சஸ் கட், கட்டோரி என்று வேறு வெட்டு எதுவும் வேண்டாம். கழுத்து வட்டமாக, ஏறினாற்போல இருக்கட்டும். முதுகில் இன்னும் ஏற்றம் வேண்டும், நாலு அங்குலத்துக்கு மேல் இறங்கக் கூடாது. கை, முழங்கைக்கு மேலே பாதித் தூரத்தில் முடிந்து, தசையோடு ஒட்டி நிற்க வேண்டும். உயரம் நீங்கள் இப்போது போடும் ஜாக்கெட்டைவிட ஒன்றரை அங்குலமாவது கூடுதல். இந்த உயரத்தைத்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். சேலையும் அப்போது கொஞ்சம் மேலேயே கட்டினார்கள். ஜாக்கெட்டுக்கும் சேலைக்கும் நடுவில் ஒரு விரல் கட்டை இடைவெளி தெரிந்தால் அதிகம்.

அடுத்தது, தையல்காரர் கேட்காமலே செய்துவிடும் காரியங்கள். லைனிங் வைப்பார், கப் வைப்பார், கழுத்தில் பைப்பிங் சுற்றுவார், முதுகில் நாடா கட்டித் தொங்கல் விடுவார், கையில் ஆரி வேலை செய்யலாமா என்று ஆசை காட்டுவார். எல்லாவற்றுக்கும் வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். லைனிங் போட்ட ஜாக்கெட் உடம்பின் மேல் பலகை மாதிரி விறைத்து நிற்கும். அந்தக் காலத்து ஜாக்கெட் ஒற்றைத் துணி. உள்ளே வெள்ளைப் பருத்தியில் பாடி போட்டிருப்பார்கள், அதன் ஓரம் மெல்லிய துணிக்குள் லேசாகத் தெரியும். அக்குளில் இரண்டு மூன்று சுருக்கம் விழும். அந்தச் சுருக்கம் விழுந்தால்தான் அது 1963. துணி வெறும் பாப்ளின், கேம்ப்ரிக், வாயில் போதும். கல்யாணத்துக்கு என்றால் பட்டு அல்லது சாட்டின். பூவும் கரையும் இல்லாத ஒரே நிறமாக இருக்கட்டும், சேலையின் கரை நிறத்தோடு சேர்வது நல்லது. இப்போதைய சேலையில் ஒட்டியே வரும் கரை வைத்த ஜாக்கெட் துணியைத் தொடாதீர்கள். கை ஓரம், கழுத்து எல்லாம் மெஷினில் ஓட்டாமல் கையால் எம்மிங் செய்யச் சொல்லுங்கள், இதற்குத் தனியாகக் காசு கேட்பார்கள், கொடுக்கலாம்.

இன்னொரு வழி உண்டு, இதைவிட எளிது. பெரும்பாலான வீடுகளில் அப்பத்தாவோ அமுச்சியோ (அம்மாவின் அம்மா) பழைய அளவு ஜாக்கெட் ஒன்றைப் பீரோவுக்கு அடியில் போட்டு வைத்திருப்பார்கள். கிழிந்திருந்தாலும் பரவாயில்லை. அதைத் தையல்காரரிடம் கொடுத்து, இதேபோல வெட்டுங்கள், அளவு மட்டும் இந்தப் பெண்ணுக்கு என்று சொன்னால் மேலே நான் எழுதிய ஒரு வரிகூடத் தேவைப்படாது.

சேலைக்கு வருவோம். பழைய பருத்திச் சேலை கிடைக்குமா என்று தேடி அலையாதீர்கள். கிடைக்காது. நம் வீடுகளில் சேலைக்கு ஓய்வே கிடையாது. உடுத்திப் பழசானால் தொட்டில் கட்டுவார்கள், பிறகு தலையணை உறை, பிறகு கரித்துணி. நடுவில் பாத்திரக்காரர் வந்தால் நாலைந்து சேலையைப் போட்டு எவர்சில்வர் போசி ஒன்று வாங்கிக்கொள்வார்கள். பட்டு மட்டும் பெட்டிக்குள் தப்பித்தது, அதிலும் பாதியைச் சரிகையில் உள்ள வெள்ளிக்காகத் தெருவில் வந்து கேட்டவர்களிடம் எடைக்குப் போட்டார்கள். எனவே தினப்படிச் சேலை வேண்டும் என்றால் புதிதாகத்தான் வாங்க வேண்டும்.

நல்ல வேளையாக நமக்குப் பொள்ளாச்சிப் பக்கத்தில் நெகமம் இருக்கிறது. அங்கே நெய்யும் பருத்திச் சேலை கனமானது, கட்டமும் எடுப்பான கரையும் உள்ளது. அதில் பழைய மாதிரியைக் கேட்டு வாங்கினால் பழைய காலத்துச் சேலைக்கு அருகில் போய்விடலாம். உடம்பு ஒரு நிறம், கரை வேறு நிறம், இரண்டு பக்கமும் ஒரே அளவுக் கரை என்று பார்த்து எடுங்கள். ஒரு பக்கம் மட்டும் முழங்கால் வரை ஏறும் பெரிய கரை இப்போதைய பாணி. முந்தானையில் யானை, ஓவியம் எல்லாம் அச்சடித்திருந்தால் அப்படியே வைத்துவிட்டு வாருங்கள். நெகமம் வரை போக முடியாவிட்டால் கோ-ஆப்டெக்ஸ் கடைக்குப் போகலாம். 1935-இல் தொடங்கிய சங்கம் அது. தீபாவளித் தள்ளுபடி நேரத்தில் போனால் கையைக் கடிக்காது.

புதுச் சேலையை அப்படியே உடுத்தினால் புதுசாகத்தான் தெரியும். முதல் தண்ணீரில் கல்லுப்பு போட்டு அலசுங்கள், சாயம் எவ்வளவு போகிறது என்று அப்போதே தெரிந்துவிடும். பிறகு இரண்டு மூன்று தரம் துவைத்து, கஞ்சி போடுங்கள். கடையில் பாட்டிலில் விற்பதைவிட ஜவ்வரிசிக் கஞ்சி எனக்குப் பிடிக்கும். சேலத்துச் சரக்கு நம் பக்கம் எந்த மளிகைக் கடையிலும் கிடைக்கும். ஒரு கைப்பிடி ஜவ்வரிசியை நன்றாக ஊறவைத்து, நிறையத் தண்ணீரில் கண்ணாடி மாதிரி ஆகும் வரை காய்ச்சி, கட்டாயம் வடிகட்ட வேண்டும். வடிகட்டாவிட்டால் காய்ந்த பிறகு சேலை முழுக்கப் பொரிப்பொரியாக ஒட்டிக்கொண்டு நிற்கும். வடித்ததை ஒரு வாளித் தண்ணீரில் கலக்கி, சேலையை முக்கிப் பிழிந்து, இரண்டு பேர் இரு முனையையும் பிடித்து இழுத்து உதறிவிட்டு நிழலில் காயப் போடுங்கள். முழுக்கக் காய்வதற்குள், கொஞ்சம் ஈரம் இருக்கும்போதே மடித்துத் தேய்த்துவிட்டால் கொசுவம் கத்தி மாதிரி நிற்கும்.

கல்யாணப் பட்டு என்றால் அரக்கு, மாம்பழ மஞ்சள், கிளிப்பச்சை, மயில் கழுத்து நிறம் போன்றவற்றில் ஒன்றை எடுங்கள். எம்.எஸ். சுப்புலட்சுமி உடுத்திப் பேர் பெற்ற எம்.எஸ். புளூவும் அந்தக் காலத்துக்குப் பொருந்தும். வெளிர் ரோஸ், வெளிர் பச்சை, உடம்பு முழுக்கச் சரிகை மின்னும் டிஷ்யூ வகை எல்லாம் இன்றைய கல்யாண மண்டபத்தோடு சேர்ந்தவை. பழைய சேலையின் நீளத்தையும் அளந்து பாருங்கள். ஜாக்கெட் துணி ஒட்டாத ஆறு கஜம், அதாவது ஐந்தரை மீட்டர்தான் இருக்கும், சிலவற்றில் அகலமும் குறைவு. உயரமான பேத்திக்குக் கணுக்கால் தெரியும். தெரியட்டும், அப்போதும் தெரிந்தது.

அப்பத்தாவின் சொந்தப் பட்டையே உடுத்தலாமா என்பது வேறு கேள்வி. வெளிச்சத்துக்கு எதிரே விரித்துப் பிடித்து மடிப்பு விழுந்த கோடுகளைப் பாருங்கள். கோட்டோடு கோடாகக் கீறல் தெரிந்தால் அந்தச் சேலை கொசுவத்தைத் தாங்காது. உட்கார்ந்து எழுந்தால் சர்ரென்று போய்விடும். அதை உடுத்த ஆசைப்படாமல் விசேஷத்தன்று ஒரு மேசையில் விரித்து வையுங்கள், நிறத்தைப் பார்த்துப் புதுப் பட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கீறல் இல்லை, சரிகை மட்டும் கறுத்திருக்கிறது என்றால் தாராளமாக உடுத்தலாம். அசல் வெள்ளிச் சரிகை நாளாக நாளாகக் கறுக்கத்தான் செய்யும். புளி, பற்பசை என்று போட்டுத் தேய்க்க வேண்டாம். சென்ட் அடிப்பதானால் சேலை கட்டுவதற்கு முன்னாலேயே அடித்துவிடுங்கள்.

கட்டும் விதத்தில் ஒரு விசயம் போதும்: முந்தானையை மடிப்பு மடிப்பாக எடுத்துப் பின் குத்தாதீர்கள். ஒற்றையாக, தோளில் விரித்து விட்டு, நுனியை முன்னால் கொண்டுவந்து இடுப்பில் செருகுங்கள். உள்ளே உடம்பை இறுக்கும் சேலைப் பாவாடை போட்டால் மீன் வால் மாதிரி ஒரு வடிவம் வரும், அது அப்போது கிடையாது. நாடா வைத்த பருத்திப் பாவாடைதான்.

நகையில் கடைக்காரர்கள் உங்களை நன்றாகக் குழப்புவார்கள். லட்சுமி உருவம் பதித்த, செட்டாக எல்லாம் ஒரே மாதிரி இருக்கும் ‘ஆன்டிக்’ கவரிங் நகை பழையது போலத் தெரியும், ஆனால் தோட்டத்து வீட்டுக் கழுத்தில் அது இல்லை. இந்த இடத்தில் உங்கள் அப்பத்தா கல்யாண வருசமே ஒரு சேதி சொல்கிறது. 1962 அக்டோபரில் சீனப் போர் தொடங்கியது, பாதுகாப்பு நிதிக்கு நாடு முழுக்கப் பெண்கள் நகையைக் கழற்றிக் கொடுத்தார்கள். 1963 ஜனவரியில் மொரார்ஜி தேசாய் நிதியமைச்சராக இருந்தபோது தங்கக் கட்டுப்பாட்டு விதிகள் வந்தன. 14 காரட்டுக்கு மேல் தரமுள்ள புது நகை செய்யவே தடை. ஆசாரிகள் பிழைப்புக்குத் தடுமாறினார்கள், 1966-இல்தான் அந்த 14 காரட் கெடுபிடி தளர்ந்தது. ஆக சட்டப்படி பார்த்தால், அந்த நடுவில் கல்யாணமான பெண் போட்டிருந்த நல்ல தங்கம் அம்மாவிடமிருந்தோ மாமியாரிடமிருந்தோ வந்த பழைய நகையாகத்தான் இருக்க வேண்டும். அதனால் எதுவும் எதோடும் சேராமல் இருப்பதுதான் சரி. கழுத்தோடு ஒட்டிய ஒரு கல் அட்டிகை, அதற்குக் கீழே காசுமாலை அல்லது இரட்டை வடச் சங்கிலி ஒன்று, காதில் கல் தோடு, மூக்கில் பேசரி, கையில் இரண்டு தங்க வளையலுக்கு நடுவே கண்ணாடி வளையல். இவ்வளவு போதும். கவரிங்கில் வாங்கினாலும் ஒவ்வொன்றையும் தனித்தனிக் கடையில் வாங்குங்கள்.

தலைக்கு எண்ணெய் வைத்துப் படிய வாரி, நடு வகிடு எடுங்கள். ஷாம்பு போட்டுப் பறக்கும் முடியோடு மேலே சொன்ன எல்லாவற்றையும் செய்தாலும் வீண். சவுரி வைத்து நீளமாகப் பின்னி, நுனியில் குஞ்சலம் கட்டலாம். பூவுக்குச் சத்தியமங்கலத்து மல்லிகை பக்கத்திலேயே இருக்கிறது. கனகாம்பரமும் மரிக்கொழுந்தும் சேர்த்துக் கதம்பமாகக் கட்டச் சொன்னால் இன்னும் பொருத்தம். நெற்றியில் ஸ்டிக்கர் வேண்டாம், சாந்தோ குங்குமமோ வையுங்கள், கொஞ்சம் பெரிதாகவே. கண்ணுக்கு உள்ளே மட்டும் மை. முகத்தில் குட்டிகூரா பவுடர், கழுத்தில் திட்டுத்திட்டாகத் தெரிகிற அளவுக்கு. உதட்டுக்கு ஒன்றும் கிடையாது. மேக்கப் போட வருகிறவரிடம் இதைச் சொன்னால் முகம் சுண்டும், சமாளித்துக்கொள்ளுங்கள்.

நாலு பேரும் கல்யாணப் பெண்ணாக நிற்க வேண்டியதில்லை. அதே வருசத்தில் அதே வீட்டில் நாலு விதமான பெண்கள் இருந்திருப்பார்களே. படிக்கப் போன அத்தை ஒருவர் இருக்கலாம். கோவையில் அவினாசிலிங்கம் மனையியல் கல்லூரி 1957-இலேயே வந்துவிட்டது, 1963-இல் கிருஷ்ணம்மாள் கல்லூரி. அவருக்குக் கஞ்சி போட்ட வாயில் சேலை, முழங்கை வரை நீண்ட கை வைத்த வெள்ளை ஜாக்கெட், மடித்துக் கட்டிய இரட்டைச் சடை, நெஞ்சோடு அணைத்த இரண்டு நோட்டுப் புத்தகம். வசதியான வீடு என்றால் மணிக்கட்டில் எச்.எம்.டி. கைக்கடிகாரம். அது 1961-இல்தான் வெளிவந்தது, அதனால் தேதி இடிக்காது. கடைசிப் பேத்தி சின்னவள் என்றால் சீட்டிப் பாவாடையும் இரண்டரை மீட்டர் வாயில் தாவணியும். உள்ளே வலை வைத்துக் குடை மாதிரி விரியும் ரெடிமேட் ‘ஹாஃப் சாரி’ வாங்கிவிடாதீர்கள், நாடா கோத்த சாதாப் பாவாடையைப் பத்து நிமிசத்தில் யாரும் தைத்துவிடுவார்கள்.

நான்காவது பேத்திக்கு என் விருப்பம், அப்பத்தாவின் மாமியார். அந்தத் தலைமுறை பின்கொசுவம் வைத்துக் கட்டியது. பதினாறு முழம், அதாவது எட்டு கஜச் சேலை வேண்டும், இப்போதைய ஆறு கஜத்தில் அது நிற்காது. கொசுவம் பின்னிடுப்பில் அமர்ந்து, அதன் மேல் சேலை சுற்றி இறுக்கிப் பிடிக்க, கொசுவத்தின் தலைப்பு வெளிப்பக்கமாக விரிந்து மடிந்து விழும். பாவாடையும் தேவையில்லை, ஊக்கும் தேவையில்லை, குனிந்து களை எடுத்தாலும் அவிழாது. எழுத்தில் படித்து இதைக் கட்ட வராது. உங்கள் ஊரிலோ பக்கத்து ஊரிலோ கட்டத் தெரிந்த ஆத்தா ஒருவர் நிச்சயம் இருப்பார், வெற்றிலை பாக்கு வாங்கிக்கொண்டு போய் ஒரு மதியம் கற்றுக்கொண்டு வாருங்கள். அந்த வயதுப் பெண்களில் ரவிக்கையே போடாதவர்கள் பலர், அது உங்களுக்குச் சங்கடம் என்றால் தொளதொளப்பான வெள்ளை ரவிக்கை போட்டு முந்தானையால் தோளை மூடிக்கொள்ளலாம். இடுப்பில் ஒரு சுருக்குப் பை, கழுத்தில் பெரிதாக ஒன்றும் வேண்டாம், செருப்பும் வேண்டாம்.

தைக்குள் எல்லாம் முடிய வேண்டும் என்றால் தையல்காரரை இப்போதே பாருங்கள். ஐப்பசியில் தீபாவளித் துணி, கார்த்திகையில் முகூர்த்தத் துணி என்று அவருக்கு வேலை குவிந்துவிடும், அப்புறம் கை எம்மிங் என்றால் காதிலேயே வாங்க மாட்டார். மார்கழிக்குள் ஒரு தரம் நாலு பேரும் போட்டுப் பார்த்துவிடுங்கள், அக்குள் பிடித்தால் பிரித்துத் தைக்க நேரம் இருக்கும். விசேஷம் முடிந்ததும் பட்டை உடனே மடிக்காமல் நிழலில் ஒரு நாள் காற்றாட விட்டு, பழைய மடிப்பின் மேலேயே மடிக்காமல் இடம் மாற்றி மடித்து, பழைய வேட்டித் துணியில் சுற்றி வையுங்கள். அந்துருண்டை பட்டின் மேல் நேராகப் படக் கூடாது, ஒரு துணியில் முடிந்து பெட்டியின் மூலையில் போட்டால் போதும்.